செம்மரம் மட்டுமா சேஷாசலம்?

சித்திரை கடைசியில் ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் குனிந்து சருகை அள்ளிப் பார்த்தேன். முதல் இடம், திருமலைக்கு மேலே பாபவிநாசம் போகும் சாலையை ஒட்டிய அகேசியா தோப்பு. இரண்டாவது, தலக்கோணா அருவிக்குப் போகும் வழியில், அருவியின் ஈரம் எட்டாத ஒரு மேட்டுக்காடு.

அகேசியா தோப்பில் கணுக்கால் புதையச் சருகு கிடந்தது. அத்தனையும் ஒரே வடிவம். பிறைபோல் வளைந்து, தோல்போலத் தடித்து, மிதித்தால் மளமளவென்று நொறுங்கியது. உண்மையில் அவை இலைகளே கிடையாது. இலைக்காம்பு தட்டையாகி இலையின் வேலையைச் செய்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் பிறந்த அந்த மரம் வறட்சியைச் சமாளிக்கக் கண்ட வழி அது. மேல் சருகை ஒதுக்கினால் கீழேயும் அதே சருகு, உருக்குலையாமல். அதற்கும் கீழே இறுகிய தரை. ஒரு மரவட்டைகூடக் கண்ணில் படவில்லை.

தலக்கோணா மேட்டில் ஒரு பிடி சருகில் ஏழெட்டு வகை இலைகள் இருந்தன. பெயர் தெரிந்தவை நாலைந்துதான்: செம்மரம், வெக்காளி, புரசு, வெட்பாலை, காட்டுக் கடுக்காய் இனத்தில் ஒன்று. மேலடுக்கு முழு இலையாகவும், அதற்கடுத்தது நரம்பு மட்டும் மிஞ்சிய சல்லடையாகவும், அதற்கும் கீழே கறுத்த பொடியாகவும் இருந்தது. பொடியின் ஊடே வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடியது. மூக்கருகே கொண்டுபோனால் முதல் மழை மணம். அந்த வெயிலிலும் உள்ளங்கைக்கு லேசாகக் குளிர்ந்தது. பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு இடத்து மண்ணும் மழையும் ஒன்று என்று வாதிட மாட்டேன். ஆனால் ஒரே மரம் நிற்கும் காட்டுக்கும் பல மரம் நிற்கும் காட்டுக்கும் உள்ள வேறுபாட்டை வெறுங்கையால் தொட்டு அறிய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. திருப்பதி, சித்தூர் மலைகளைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் ஒரு மரத்தை மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் காட்டைக் காக்கும் முறையையும் கெடுத்துவிட்டது என்பதே என் மனக்குறை.

ஒரு மரத்தின் நிழலில் மறைந்தவை

2010-ம் ஆண்டு சேஷாசலம் மலைத்தொடர் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அன்றைய சித்தூர், கடப்பா மாவட்டங்களில் சுமார் 4,756 சதுர கிலோமீட்டர். அதற்குள்தான் 1989-ல் அமைந்த ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவும் இருக்கிறது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமானபோது தலக்கோணாவும் திருமலையும் அதற்குள் வந்தன. தமிழ் நிலத்தின் வட எல்லை என்று நம் முன்னோர் குறித்த வேங்கடம் இந்த மலைதான். மாமூலனார் முதலான சங்கப் புலவர்கள் யானையும் வெயிலும் கரடுமுரடான வழியுமாகப் பாடிய மலை.

இன்று தமிழ்ச் செய்தித்தாளில் இந்த மலையின் பெயர் வந்தால், பெரும்பாலும் செம்மரம் பிடிபட்ட செய்தியாகத்தான் வரும். 2015 ஏப்ரல் 7-ம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சந்திரகிரிக்கு அருகே இந்தக் காட்டில் ஆந்திரக் காவல் துறையின் சிறப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழகத்தின் திருவண்ணாமலை, வேலூர், தருமபுரி, சேலம் பகுதி ஏழைகள். அதற்கு முன், 2013 டிசம்பரில், மரம் வெட்ட வந்த கும்பலால் வனத் துறையினர் இருவர் கொல்லப்பட்டார்கள். இருபுறமும் சிந்திய ரத்தம், ஒரு மரத்தின் நடுத்தண்டுக்குச் சீனாவிலும் ஜப்பானிலும் கிடைக்கும் விலைக்காக. ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்குக் கூட்டி வரப்பட்டவர் கையில் அந்த விலையில் தூசிகூடச் சேரவில்லை.

செம்மரத்தின் அருமையை நான் குறைக்கவில்லை. உலகத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் அது தானாக வளர்வதில்லை. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995-ல் அது சேர்க்கப்பட்டது. நம் இலக்கியத்தில் புலியாக மயங்கவைக்கும் பூக்களை உதிர்க்கும் வேங்கைக்கு அது ஒரே பேரினத்தில் பிறந்த உடன்பிறப்பு. கோடையில் இலையெல்லாம் உதிர்த்து நின்று, புது இலை விடும் நேரத்தில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும்போது மலைத்தேனீக்கள் மொய்க்கும். வட்டத் தகடுபோன்ற இறக்கை வைத்த காயைக் காற்று கொண்டுபோகும். பாறை இடுக்கில் ஒரு சாண் மண் இருந்தால் போதும், பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் அந்தப் பாறை இடுக்கில் அது தனியாக நிற்பதில்லை.

திருமலை மலைப்பாதையில் ஏறும்போது ஓரிடத்தில், பழைய கருங்கல் அடித்தளத்தின்மேல் படிகப் பாறை அடுக்கு நேர்கோடாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம். இரண்டுக்கும் நடுவே பல பத்துக்கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. தேசிய நிலவியல் சின்னமாகப் பாதுகாக்கப்படும் இடம் அது. மேலே உள்ள அந்தப் படிகப் பாறை லேசில் மண்ணாகாது. ஆகவே இந்த மலையில் மண் மிகக் குறைவு, நீரும் குறைவு, வெயில் மட்டும் ஏராளம். வாழ்வதற்குக் கடினமான இந்த இடத்தில்தான் சுமார் 1,500 வகைத் தாவரங்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அவற்றில் பல, இந்தச் சுற்றுவட்டாரத்தை விட்டு வெளியே போகாதவை. தெலுங்கில் தம்ப என்று சொல்லும் குங்கிலிய இனத்து மரம். அதன் பிசினைத் தூபம் போடுவார்கள். கொண்ட குக்கிலம் என்ற மலைக் குங்கிலியம், தோல் உரிந்து உரிந்து பளபளக்கும் தண்டு. தெல்ல கரக்கா என்கிற வெள்ளைக் கடுக்காய். நாவலின் உறவான மொகி. மரம் என்று சொல்ல முடியாத அளவுக்குக் குட்டையான பெரித்த என்னும் சைக்கஸ்; டைனோசர் காலத்துக் குடும்பத்தின் வாரிசு. அதற்கு மெட்ராஸ் மாகாண வன அதிகாரி பெடோமின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அதே பெடோம்தான் இந்த மலைப் பாறை இடுக்குகளில் வாழும் பொன்னிறப் பல்லியை 1870-ல் உலகுக்கு விவரித்தவர். சைக்கஸ், சைட்ஸின் முதல் பட்டியலில், அதாவது செம்மரத்தைவிடக் கடுமையான காவலில் இருக்கிறது. அதன் ஆண் கூம்பை நாட்டு மருந்துக்கென்று அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்ற செய்தி எத்தனை முறை முதல் பக்கத்தில் வந்திருக்கும்?

பங்கிட்டு வாழும் வித்தை

மண்ணும் நீரும் இல்லாத மலையில் எப்படி இத்தனை வகை? இந்தக் கேள்வியைத் திருப்பிப்போட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இத்தனை வகை இருப்பதால்தான் இந்த மலையில் மண்ணும் நீரும் கொஞ்சமாவது நிற்கின்றன.

ஒரு மரத்தின் வேர் மேல்மண்ணில் பாய்போலப் படரும். இன்னொன்றின் வேர் பாறைப் பிளவில் இறங்கி ஆழத்து ஈரத்தைத் தேடும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் ஒரே குடத்திலிருந்து குடிப்பதில்லை. மாசியில் கோங்கு இலையில்லாமல் மஞ்சள் பூவோடு நிற்கும். செம்மரம் அப்போதுதான் இலை உதிர்க்கும். ஓடையோரத்து நாவலும் மருதும் புங்கனும் பச்சையாகவே இருக்கும். ஒன்று ஓயும்போது இன்னொன்று வெயிலைப் பிடித்து வேலை செய்யும். வருடத்தின் எந்த மாதத்திலும் காட்டில் எங்கோ ஒரு பூவும் எங்கோ ஒரு பழமும் இருக்கும் என்பதால் தேனீயும் சின்னானும் கரடியும் தேவாங்கும் ஊர் விட்டுப் போக வேண்டியதில்லை.

சருகிலும் இதே கதைதான். மெல்லிய இலை சீக்கிரம் மட்கித் தழைச்சத்தைத் தரும். அதைத் தின்று பெருகும் பூஞ்சையும் நுண்ணுயிரும் பக்கத்தில் கிடக்கும் தடித்த இலையையும் பதம் பார்த்துவிடும். தடித்த இலையோ சீக்கிரம் கரையாமல் மேலே போர்வையாகக் கிடந்து, மழைத்துளி நேரடியாக மண்ணை அடிக்காமல் தடுக்கும். இரண்டும் வேண்டும். ஒரே வகைச் சருகு மட்டும் கிடந்தால், அது வேகமாகக் கரைவதானாலும் குறை, கரையாமல் கிடப்பதானாலும் குறை. கரையாமல் கிடப்பது கோடையில் தீக்குத் தீனி. 2014 மார்ச்சில் திருமலையைச் சுற்றிய காடு பற்றி எரிந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய நாட்களை, அப்போது மலையில் இருந்த பக்தர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அலிபிரி அடிவாரத்தில் ஒரு முறை, ஆனி மாதத்தில், ஒரு பாட்டி கூடையில் கருநீலப் பழம் விற்றுக்கொண்டிருந்தார். “நாவலா பாட்டி?” என்றேன். “நாவல் இல்ல சாமி, மொகி. மலையிலதான் இருக்குது. கொட்டைய வூட்டாண்ட போட்டுப் பாத்தேன், மொளைக்கல. கரடி துன்னுட்டுப் போடணும், அப்போதான் மொளைக்கும்” என்றார். கரடி வயிற்றுக்குள் போய் வந்தால்தான் முளைக்குமா என்பதை விதை ஆராய்ச்சிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு மரம் இன்னோர் உயிரை நம்பியே அடுத்த தலைமுறையைப் பெறுகிறது என்ற பாடத்தை எந்த வகுப்பறையிலும் இவ்வளவு சுருக்கமாக நான் கேட்டதில்லை.

சீனத்தில் நட்ட லட்சம் கன்றுகள்

இதையெல்லாம் ரசனை என்று ஒதுக்கிவிடலாம். ஆகவே ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

சீனத்தின் ஜியாங்ஷி மாகாணத்தில், மித வெப்ப மண்டல மலைச்சரிவு ஒன்றில், 2009-ல் சீன, ஜெர்மானிய, சுவிஸ் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு காட்டை நட்டார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகள். சில பாத்திகளில் ஒரே இனம். சிலவற்றில் இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று கலவை. எந்த இனம் எந்தப் பாத்தியில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். பிறகு மரங்களின் வளர்ச்சியை ஆண்டுதோறும் அளந்தார்கள். எட்டு ஆண்டு கழித்து வந்த முடிவு, 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. ஒற்றை இனப் பாத்திகள் சராசரியாக ஹெக்டேருக்குச் சுமார் 12 டன் கரிமத்தைச் சேர்த்திருந்தன. பதினாறு இனக் கலவை சேர்த்ததோ சுமார் 32 டன். அதே மழை, அதே மண், அதே பராமரிப்பு.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. தொடக்கத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆண்டு ஆக ஆகத்தான் இடைவெளி விரிந்தது. கன்று நட்டுப் படம் எடுத்து, மூன்றாம் ஆண்டில் எத்தனை பிழைத்தது என்று எண்ணிக் கணக்கை மூடும் நம் நடைமுறையில் இந்த உண்மை கண்ணிலேயே படாது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே தோட்டக்காரர்கள் விரும்பி வளர்க்கும் இரண்டு வணிக மரங்களைத் தனியாக நட்டபோது, அவையும் ஏறக்குறையப் பதினாறு இனக் கலவையின் அளவுக்குக் கரிமம் சேர்த்தன. கரிமம் மட்டுமே நோக்கம் என்றால் ஒற்றை மரத் தோட்டத்துக்கும் வாதம் இருக்கிறது. ஆனால் அந்தத் தோட்டத்தில் ஒரு பூச்சி புகுந்தால், ஒரு வறட்சி வந்தால், ஒரு பொறி விழுந்தால் மொத்தமும் போகும். கலவையில் ஒன்று சாய்ந்தால் இன்னொன்று அந்த இடத்தைப் பிடிக்கும். தவிர, கரடிக்கும் தேனீக்கும் கரிமக் கணக்கு தெரியாது.

சீனத்து மழையும் நம் மழையும் ஒன்றல்ல என்ற மறுப்பும் நியாயமானதே. அந்த மலையில் ஆண்டுக்கு 1,800 மில்லிமீட்டர் பெய்யும். திருப்பதியில் அதில் ஏறத்தாழ பாதிதான். அங்கே வேலை செய்த கூட்டல் கழித்தல் இங்கே அப்படியே செல்லும் என்று யாரும் உறுதி கூற முடியாது. வறண்ட காட்டின் போக்கு தனி. முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டில் மரம் மரமாக எண்ணி அடையாளமிட்டு வருகிறது. ராமன் சுகுமாரும் அவருடைய சகாக்களும் கட்டிக் காத்த அந்தக் கணக்கு, தீயும் வறட்சியும் யானையும் ஒரு காட்டை எப்படி மாற்றி மாற்றி எழுதுகின்றன என்பதைக் காட்டுகிறது. அப்படியொரு பொறுமையான கணக்கு சேஷாசலத்துக்கும் வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன், இது நமக்கு ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மலை, இந்தத் தண்ணீர்

சித்தூர் மலைகளில் பெய்வது ஆந்திராவோடு முடிவதில்லை. நகரி ஆறு கொசஸ்தலையில் சேர்ந்து பூண்டிக்கு வருகிறது. அங்கிருந்து சென்னைக்குக் குடிநீர். நாராயணவனம் பக்கத்து மலைகளில் பிறக்கும் ஆரணியாறு பிச்சாட்டூர் அணையைத் தாண்டி ஊத்துக்கோட்டை வழியாகப் பழவேற்காடு போகிறது. சித்தூரில் நீவா என்று ஓடுவது நம் எல்லைக்குள் பொன்னை ஆறாகி, பாலாற்றில் கலக்கிறது. மாநிலத்தைப் பிரித்தபோது கோடு போட்டவர்கள் ஆற்றைக் கேட்டுப் போடவில்லை.

2021 நவம்பரில் இந்த உறவு எப்படிப்பட்டது என்று பார்த்தோம். திருப்பதியில் கபில தீர்த்தம் காட்டாறாகப் பாய்ந்தது. மலைப்பாதையில் பாறைகள் சரிந்தன. ராயலசெருவு ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்று ஊர்களைக் காலி செய்தார்கள். இந்தப் பக்கம் அம்மப்பள்ளி அணையைத் திறந்ததில் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் மூழ்கின. பொன்னையும் பாலாறும் பல ஆண்டுகளாகப் பார்க்காத வெள்ளத்தைப் பார்த்தன. அந்த அளவு மழையை எந்தக் காடும் முழுதாக விழுங்கியிருக்க முடியாது. ஆனால் சாதாரண ஆண்டின் மழையை எவ்வளவு நேரம் மலை பிடித்து வைக்கிறது, மார்கழிக்குப் பிறகும் ஓடையில் எத்தனை நாள் தண்ணீர் கசிகிறது, அணைக்குள் எவ்வளவு வண்டல் இறங்குகிறது என்பதெல்லாம், சரிவில் கிடக்கும் அந்தக் கறுத்த பொடியையும் அதற்குக் கீழே பின்னிக் கிடக்கும் பலவகை வேர்களையும் பொறுத்தது. பூண்டிக்கு வண்டல் வருவது சென்னையின் கவலை என்றால், நகரி மலையின் காடும் சென்னையின் கவலைதான்.

இந்தக் கவலை அரசுக் கணக்கில் எங்கே பதிவாகிறது? இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டாண்டுக்கு ஒருமுறை செயற்கைக்கோள் படத்தை வைத்து வனப்பரப்பை அறிவிக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு மேல் நிலம், அதில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகை இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம் என்பது கேள்வி இல்லை. இந்த வரையறையில் சித்தூரின் பெங்களூரா மாந்தோப்பும் வனப்பரப்பு. தைலமரத் தோட்டமும் வனப்பரப்பு. தம்பவும் மொகியும் நிற்கும் மலைச்சரிவும் வனப்பரப்பு. மாம்பழக்கூழ் ஆலைகளை நம்பி வாழும் சித்தூர் விவசாயியின் தோப்பை நான் மதிக்கிறேன். அது தோப்பு. அதைக் காட்டோடு கூட்டிப் பச்சை கூடிவிட்டது என்று சொல்லும்போது, ஒரு பக்கம் பத்து இனம் அழிந்தாலும் கூட்டுத்தொகை குறையாது. எத்தனை மரம், எத்தனை ஹெக்டேர் என்று கேட்கிறோம். எத்தனை வகை என்று கேட்பதற்கு அந்த வனப்பரப்புக் கணக்கில் இடமே இல்லை.

ஒரு வாய்ப்பு

திருமலை தேவஸ்தானத்துக்குச் சொந்தமாக வனப் பிரிவு இருக்கிறது. சில பத்தாண்டுகளுக்கு முன், மொட்டையாகிக்கொண்டிருந்த மலையைச் சீக்கிரம் பசுமையாக்க அகேசியாவை நட்டார்கள். அன்றைக்கு நாடு முழுவதும் வனத் துறைகள் செய்ததையே அவர்களும் செய்தார்கள். வேகமாக வளரும், ஆடு கடிக்காது, வறட்சி தாங்கும். அந்த நோக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு அந்த மரங்களைப் படிப்படியாக அகற்றி நாட்டு மரங்களை வைக்கப் போவதாகத் தேவஸ்தானம் அறிவித்திருக்கிறது. மனதாரப் பாராட்ட வேண்டிய முடிவு.

ஆனால் நாட்டு மரம் என்று சொல்லி, நர்சரியில் கிடைக்கிற வேம்பு, புங்கன், அரசு, ஆல் என நாலைந்தை மட்டும் வரிசையாக நட்டுவிட்டால், அகேசியா தோப்பு போய் வேப்பந்தோப்பு வரும். என் வேண்டுகோள் இதுதான்: அந்த மாற்றத்தையே ஒரு நீண்டகால ஆய்வாகச் செய்யுங்கள். அகேசியா அகற்றும் இடத்தில் சில பாத்திகளில் ஒரே இனம், சிலவற்றில் நான்கு, சிலவற்றில் எட்டு, சிலவற்றில் பதினாறு. எல்லாம் இந்த மலையின் மரங்கள். சில பாத்திகளில் எதுவும் நடாமல், பறவையும் கரடியும் காற்றும் என்ன கொண்டுவந்து போடுகின்றன என்று வேலி மட்டும் கட்டிவிட்டுப் பார்க்கலாம். மண்ணின் ஈரம், சருகு மட்கும் வேகம், பாத்தியிலிருந்து வழியும் நீர், வந்து தங்கும் பறவை, எல்லாவற்றையும் ஆண்டுதோறும் அளக்க வேண்டும்.

அளப்பதற்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடிவாரத்தில் 1954 முதல் ஸ்ரீவெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015-ல் ஐசரும் ஐஐடியும் திருப்பதிக்கு வந்துவிட்டன. மலையில் தேவஸ்தானத்தின் நிலம், அடிவாரத்தில் மூன்று உயர்கல்வி நிறுவனங்கள், நடுவே ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் ஏறி இறங்கும் மக்கள். நாட்டில் வேறெந்தக் காட்டுக்கும் இப்படி ஓர் அமைப்பு வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை. வறண்ட வெப்ப மண்டலக் காட்டில் மரவகைகள் என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு உலகம் ஜியாங்ஷியைப் பார்ப்பதுபோல் திருமலையைப் பார்க்க முடியும். பாத்திகளின் ஓரமாக ஒரு பலகையும் வைத்தால், படியேறும் பக்தர் அங்கே சற்று நின்று, பதினாறு இனப் பாத்தியில் சருகைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்.

இதில் உண்மையான முட்டுக்கட்டை நிலமும் இல்லை, அறிவும் இல்லை, விதைதான். மரம் நடுவோர் எதை நடுகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் நர்சரிதான் தீர்மானிக்கிறது. நர்சரியில் எது சுலபமாக முளைக்கிறதோ, எதன் விதை மூட்டையில் வருடக்கணக்கில் கிடந்தாலும் கெடாதோ, அதுதான் பாலித்தீன் பையில் ஏறும். தம்ப மாதிரி குங்கிலிய இனத்து விதையைச் சேமித்து வைக்க முடியாது. மரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து அதன் உயிர் வாரக்கணக்கில்கூட நிற்பதில்லை. மொகிக் கொட்டையும் காய விட்டால் போயிற்று. இவற்றை முளைக்க வைக்க வேண்டுமானால், எந்தச் சரிவில் எந்த மரம் எந்த வாரத்தில் காய் உதிர்க்கிறது என்று தெரிந்தவர் வேண்டும். அந்த அறிவு இந்த மலையடிவாரத்து யானாதி மக்களிடம் இருக்கிறது. ஈச்சம் ஓலையில் விளக்குமாறு கட்டியும், தேனும் பழமும் எடுத்தும் தலைமுறைகளாகக் காட்டோடு வாழ்ந்தவர்கள். இன்று அவர்களில் பலர் செங்கல் சூளையிலும் மற்றவர் வயலிலும் கூலிக்குப் போகிறார்கள். அவர்களைக் காட்டுக்குள் நுழைபவர்களாக மட்டும் பார்க்காமல், விதை சேகரிப்பவர்களாக மாதச் சம்பளத்தில் அமர்த்தினால், நர்சரிக்கும் பயன், அவர்களுக்கும் மரியாதை. அலிபிரிப் பாட்டிக்குத் தெரிந்ததைப் பதிவு செய்ய ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

செம்மரத்துக்குப் பணம் இல்லாமல் இல்லை. பறிமுதல் செய்த கட்டைகளை ஏலம் விட்டதில் பல்லுயிர்ச் சட்டத்தின்படி கிடைத்த பங்கிலிருந்து, தேசியப் பல்லுயிர் ஆணையம் 2025-ல் ஆந்திரப் பல்லுயிர் வாரியத்துக்கு 82 லட்சம் ரூபாய் தந்தது. ஒரு லட்சம் செம்மரக் கன்று வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கும் திட்டம். விவசாயி நிலத்தில் செம்மரம் வளர்ந்தால் காட்டுச் செம்மரத்தின் மீதான கத்தி கொஞ்சம் விலகும், நல்ல திட்டம்தான். ஆனால் காட்டுக்குள் செம்மரத்தைக் காப்பதென்றால், அதன் பூவுக்கு வரும் மலைத்தேனீ மற்ற மாதங்களில் எந்தப் பூவை நம்பி உயிரோடு இருக்கிறதோ அந்த மரத்தையும் காக்க வேண்டும். அது நிற்கும் சாண் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் வேர் எந்த மரத்துடையதோ அதையும் காக்க வேண்டும். ஏலப் பணத்தில் ஒரு பங்கு தம்பவுக்கும் தெல்ல கரக்காவுக்கும் மலைக் குங்கிலியத்துக்கும் போகட்டும். கடத்தல் தடுப்புப் படைக்கு ஆகும் செலவில் சிறு பங்கு இருந்தால் மலையடிவாரத்தில் நான்கு இடத்தில் விதைப் பண்ணை வைத்துவிடலாம்.

நாட்காட்டி ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். தம்பவின் காய் கோடை மழையோடு உதிர்ந்துவிடும். மொகி ஆனியில் பழுத்து ஆடிக்குள் தீர்ந்துவிடும். மரம் நடும் திட்டத்துக்கு நிதி ஒதுக்கி, டெண்டர் விட்டு, கன்று வாங்க ஆணை போடுவதற்குள் புரட்டாசி வந்துவிடுகிறது. அப்போது நர்சரியில் இருப்பது வேம்பும் புங்கனும்தான். அடுத்த சித்திரைக்கு முன்பே, மாசியிலேயே, கூடையோடு மலையேறப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியல் தயாராக இருக்க வேண்டும்.